அஞ்சு மணிக்கு மட்டும் அடம்பிடிக்கும் கார்!

காலை அஞ்சு மணி. பாட்டிக்குத் திருவனந்தபுரத்துல டாக்டர் அப்பாயின்ட்மென்ட். நாகர்கோவில்ல இருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம். மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசல்ல மாட்டாம போகணும்னா விடியறதுக்குள்ள கிளம்பியாகணும். பாட்டி ஃப்ளாஸ்க்கும் கையுமா பின் சீட்ல ஏறியாச்சு. அம்மா கேட்டைத் திறந்தாச்சு. அப்பா சாவியைத் திருப்புறார். 'க்ர்ர்... க்ர்ர்ர்... க்ர்ர்ர்ர்...' மறுபடியும் 'க்ர்ர்ர்...' ஆறாவது தடவை ஜன்னல் வழியா தலை மட்டும் வெளிய வருது. "லேய் மக்கா, எறங்கித் தள்ளுடே!"

உங்க வீட்ல டி.என். 74-ஓ 75-ஓ போட்ட, உங்களைவிட வயசுல மூத்த ஒரு மாருதி 800 இருந்தா, இந்த சீனை நான் விவரிக்கவே வேண்டாம். அக்கம்பக்கம் எழுந்து வந்து ஆளுக்கொரு வைத்தியம் சொல்லும். 'பேட்டரி போச்சு', 'பிளக் மாத்தணும்', 'கார்புரேட்டரை அழிச்சு சர்வீஸ் பண்ணணும்', கடைசியா வழக்கம்போல 'இன்னும் எதுக்கு இதை வெச்சுட்டு அழறீங்க, வித்துருங்க!'

இதுல செம காமெடி என்ன தெரியுமா? அதே கார் பதினோரு மணிக்கு ஒர்க்‌ஷாப் வாசல்ல நிக்கும்போது, சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும். "இப்பம் நல்லாத்தானே நிக்கு... ஒரு கொழப்பமும் இல்லையே அண்ணாச்சி!" என்பார் மெக்கானிக். அவர் மேல தப்பே இல்லைங்க. ஏற்கெனவே ஓடி, இன்ஜின் சூடாகித்தான் வண்டி அங்க போய்ச் சேர்ந்திருக்கு. நோய் மறைஞ்ச பிறகு டாக்டரைப் பார்க்கப் போன கதை. வந்த கஸ்டமரைச் சும்மா அனுப்ப முடியுமா? "எதுக்கும் பிளக்கை மாத்திருவோம்." அடுத்த வாரம் "எதுக்கும் பேட்டரியையும்..." அதுக்கடுத்த வாரம் "எதுக்கும் காயிலை..." இந்த 'எதுக்கும்'ங்கற ஒத்தை வார்த்தைக்கே மூணு மாசத்துல ஒரு செமஸ்டர் ஃபீஸ் போயிடும்.

இந்த நோய் இன்ஜின் குளிர்ந்து கிடக்கிற அந்த முதல் ரெண்டு நிமிஷம்தான் வெளிய தெரியும். அந்த நேரத்துல ஸ்பாட்ல இருக்கிறது மெக்கானிக் இல்ல, நீங்கதான். ஒரே சாட்சி! சாட்சி எதைப் பார்த்தான், எதைக் கேட்டான், எதை முகர்ந்தான்னு சரியா சொன்னா கேஸ் பாதி முடிஞ்சுது. அதுக்கு ஸ்பேனர் பிடிக்கக்கூடத் தெரிய வேண்டாம்.

குளிரா... நம்ம ஊர்லயா?

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துடலாம். 'குளிர்ல ஸ்டார்ட் ஆகல'ன்னதும் நாம வெதர் மேல பழியைப் போடுவோம். லடாக்ல டீசல் கெட்டியாகிப் போறது, கனடாவுல இன்ஜினுக்கு ஹீட்டர் மாட்டித் தூங்க வைக்கிறதெல்லாம் நிஜம். ஆனா நாஞ்சில் நாட்டுல மார்கழி விடியக்காலைல கூட தெர்மாமீட்டர் இருபது டிகிரிக்குக் கீழே இறங்கறது அபூர்வம். இருபத்திரண்டு டிகிரியில ஆரோக்கியமான எந்த பெட்ரோல் காரும் ஸ்டார்ட் ஆகணும். முப்பது வருஷ காரா இருந்தாலும் சரி.

ஸோ, இங்க 'குளிர்'னா இன்ஜினோட குளிர். ஓடிக்கிட்டிருக்கும்போது உள்ள சுத்துற தண்ணி 80, 90 டிகிரியில இருக்கும். ராத்திரி முழுக்க நின்னா ஊர் வெப்பநிலைக்கு வந்துடும். அப்ப மூணு விஷயம் நமக்கு எதிரா வேலை செய்யும். பெட்ரோல் திரவமா எரியாது, ஆவியாகிக் காத்தோட கலந்தாதான் எரியும். குளிர்ந்த குழாய்க்குள்ள போற பெட்ரோல்ல ஒரு பங்கு சுவர்லயே ஒட்டிக்கும், ஆவியாகாது. ரெண்டாவது, ஆயில் கெட்டியா இருக்கிறதால செல்ஃப் மோட்டாருக்கு இழுக்கிற பாரம் கூடும். மூணாவது, தேய்ஞ்ச இன்ஜின்ல பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி குளிர்ல கொஞ்சம் அதிகம், அதனால அழுத்தம் கசியும். சூடானதும் இந்த மூணும் சரியாயிடும். அரைகுறையா வேலை செய்யற பிளக்கையும் டொக்கு பேட்டரியையும் சூடான இன்ஜின் மன்னிச்சு விட்டுடும். குளிர்ந்த இன்ஜின் மன்னிக்காது. அதாவது குளிர் நோயை உண்டாக்கல, ஏற்கெனவே இருக்கிற நோயைக் காட்டிக் கொடுக்குது.

நம்ம மாவட்டத்துக்குன்னு கூடுதலா ரெண்டு வில்லன்கள் உண்டு. ஒண்ணு ஈரம். தமிழ்நாட்டுல பல ஊர்கள் ஒரே பருவமழையை நம்பி இருக்க, நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் மாறி மாறிப் பெய்யும். இன்னொண்ணு உப்புக்காத்து. குளச்சல், முட்டம், கன்னியாகுமரின்னு கடற்கரை ஓரமா வீடு இருந்தா, கேட் கீல் துருப்பிடிக்கிற வேகத்தைப் பார்த்தாலே போதும், அதே கதி பேட்டரி டெர்மினலுக்கும்தான். இது பெயின்ட்டைத் தின்கிறது கண்ணுக்குத் தெரியும். ஒயரைத் தின்கிறது தெரியாது.

கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க

சாவியைத் திருப்பும்போது வர்ற சத்தம்தான் முதல் வாக்குமூலம். உங்க செல்போன்ல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. அப்பா முறைப்பார், கண்டுக்காதீங்க.

'டிக்'னு ஒரே ஒரு சத்தம், அப்புறம் மயான அமைதி. இல்ல, 'டிக்டிக்டிக்டிக்'னு தையல் மெஷின் மாதிரி வேகமா ஒரு சத்தம். இல்ல, 'ங்ங்ர்ர்ர்... ங்ங்ர்ர்ர்'னு தூக்கத்துல இருந்து எழுப்பின மாமா மாதிரி ஒரு முனகல். இந்த மூணுலயும் இன்ஜின் சுத்தற வேகமே இல்ல. பிரச்னை கரன்ட்ல. பிளக், கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம். வேகமா டிக்டிக்னா பேட்டரில சார்ஜ் இல்ல, அல்லது டெர்மினல் லூஸ். ஒத்தை 'டிக்'னா செல்ஃப் மோட்டார், அதோட சொலினாய்டு சுவிட்ச், அதுக்குப் போற கேபிள் மேல சந்தேகப்படணும்.

இதுக்கு நேரெதிர், செல்ஃப் ஜம்முனு சுத்துது, ஆனா வண்டி பிடிக்கவே இல்ல. அப்ப பேட்டரிக்கு நற்சான்றிதழ் கொடுத்துடலாம். ஒண்ணு பொறி வரல, இல்லைன்னா பெட்ரோல் வரல.

'டுபுக்'னு பிடிச்சு, ரெண்டு செகண்ட் ஓடி, பொசுக்னு அணையுதா? பொறி, பெட்ரோல் ரெண்டுமே இருக்கு, கலவைதான் பத்தல. சோக் பக்கம் பாருங்க.

இன்னொரு விசித்திரமான கேஸும் உண்டு. சாவியைப் பிடிச்சிருக்கிற வரைக்கும் பிடிக்காது, வெறுத்துப்போய்க் கையை எடுக்கிற அந்த நொடில 'டப்'னு பிடிக்கும். செல்ஃப் மோட்டார் பேட்டரியை மொத்தமா உறிஞ்சிக்கிட்டிருக்கும்போது காயிலுக்குப் போதுமான வோல்டேஜ் கிடைக்கல. கையை எடுத்ததும் கிடைச்சுது. இந்த ஒரு குறிப்பை மெக்கானிக்கிட்ட சொன்னா அவர் உங்களை மரியாதையா பார்ப்பார்.

பத்தாம் கிளாஸ் ஓம் விதி, நிஜமாவே உதவுது!

பேட்டரியைப் பழி சொல்றதுக்கு முன்னாடி சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்க. ஹாஸ்டல் ரூம்மேட் எலெக்ட்ரானிக்ஸ்னா ஓசியிலேயே கிடைக்கும். காலையில கதவைத் திறந்து லைட் எதையும் போடறதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையிலயும் வையுங்க. 12.6 வோல்ட் காட்டினா ஃபுல். 12.2-ன்னா பாதிதான். 12-க்குக் கீழன்னா அது பேட்டரி இல்ல, பேப்பர் வெயிட். அப்புறம் வேற யாரையாவது ஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு மீட்டரைக் கவனியுங்க. செல்ஃப் சுத்தும்போது ஒன்பதரைக்கும் கீழ விழுந்தா பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் அளவுக்கு மீறி இழுக்குது. வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது பதினாலை ஒட்டிக் காட்டணும். இல்லைன்னா டைனமோ சார்ஜ் பண்ணல, புது பேட்டரி போட்டாலும் ஒரே வாரத்துல அதே கதைதான்.

இப்ப சுவாரஸ்யமான மேட்டர். பேட்டரி நல்லா இருக்கு, மோட்டாரும் ஓகே, ஆனா முனகுது. எப்படி? சின்னக் காரோட செல்ஃப் மோட்டார்கூட சுத்தும்போது நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். டெர்மினல்ல உப்புப் பூத்து, வெறும் 0.01 ஓம் தடை உருவாகியிருக்குன்னு வையுங்க. 0.01-ஐ நூறால பெருக்குங்க. ஒரு வோல்ட் அங்கேயே காலி! அதே தடை ஹெட்லைட்டை ஒண்ணும் பண்ணாது, ஏன்னா அது இழுக்கிறது சில ஆம்பியர்தான். 'லைட் நல்லா எரியுதே, அப்ப பேட்டரி லைன் சரியாத்தான் இருக்கு'ன்னு எல்லாரும் ஏமாறுற இடம் இதுதான்.

எர்த் ஒயர்னு ஒண்ணு இருக்கு. பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போற தடிமனான பட்டை. கடற்கரை ஊர்ல முதல்ல போறது இதுதான். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொண்ணை இன்ஜின் உலோகத்துலயும் வெச்சு ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா பேட்டரியை விட்டுடுங்க, எர்த்தைச் சுத்தம் பண்ணுங்க. அம்மாகிட்ட கொஞ்சம் ஆப்ப சோடா வாங்கி, வெந்நீர்ல கலக்கி டெர்மினல் மேல ஊத்தினா அந்தப் பச்சை வெள்ளைப் பூஞ்சை நுரைச்சுக்கிட்டுப் போகும். பேட்டரி மூடிக்குள்ள மட்டும் அந்தத் தண்ணி போயிடக் கூடாது. காய வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, இறுக்கி, மேல வாஸ்லின். செலவு? கிட்டத்தட்ட ஜீரோ. புது பேட்டரி வாங்கின வீடுகள்ல எத்தனை பேருக்கு உண்மையில தேவைப்பட்டது இதுதானோ!

வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வெளிய எடுக்கிற கார்னா இன்னொரு கணக்கு. 35 ஆம்பியர் அவர் பேட்டரி. நீங்க ஆசையா மாட்டின ஸ்டீரியோவோ, அலாரமோ தூங்காம அரை ஆம்பியர் குடிச்சிட்டிருக்கு. எழுபது மணி நேரம். மூணு நாள்ல பேட்டரி வாஷ் அவுட். ஞாயிறு ராத்திரி பார்க் பண்ணின வண்டி புதன்கிழமை ராத்திரி படுத்துடும்.

இருட்டுலதான் தெரியும் நீலப் பொறி

செல்ஃப் நல்லா சுத்தி, வண்டி பிடிக்கலைன்னா... அந்த அஞ்சு மணி இருட்டு உங்க ஃப்ரெண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிற பழைய கார்னா பானட்டைத் திறந்து, எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிட்டுத் தள்ளி நின்னு பாருங்க. பிளக்குக்குப் போற தடிச்ச ரப்பர் ஒயர்கள் மேல, டிஸ்ட்ரிபியூட்டர் மூடி ஓரத்துல, நீலமா குட்டிக் குட்டிப் பொறி ஓடுதா? மாட்டிக்கிச்சு! பல ஆயிரம் வோல்ட் பிளக் வரைக்கும் போய்ச் சேராம நடுவழில ஈரத்துல இறங்கி ஓடுது. பகல்ல ஒர்க்‌ஷாப்ல இதை யாராலும் பார்க்கவே முடியாது. ஒயர் வெடிச்சிருக்கலாம், மூடில மயிரிழை விரிசல் இருக்கலாம், உள்ள பனி கோத்திருக்கலாம். இன்ஜினை நிறுத்தி, மூடியைக் கழட்டி உலர்ந்த துணியால துடைச்சு மாட்டினதும் ஸ்டார்ட் ஆச்சுன்னா கேஸ் க்ளோஸ். மழை பெஞ்ச மறுநாள் மட்டும் அடம்பிடிக்கிற வண்டிகள்ல நான் முதல்ல கைகாட்டறது இதைத்தான். ஓடும்போது மட்டும் அந்த ஒயர்களைத் தொட்டுடாதீங்க. ஷாக் சும்மா ஜிவ்வுனு இருக்கும்.

பிளக்கைக் கழட்டத் தெரிஞ்சா, அது ஒரு டைரி மாதிரி. அஞ்சாறு தடவை செல்ஃப் அடிச்ச பிறகு கழட்டிப் பாருங்க. நனைஞ்சு பெட்ரோல் வாசம் அடிச்சா பெட்ரோல் வந்திருக்கு, எரியல. அதாவது பொறி இல்ல, அல்லது ஓவர்ஃப்ளோ. காஞ்சு சுத்தமா இருந்தா பெட்ரோல் வந்தே சேரல. கரி மாதிரி கறுப்பா, காஞ்ச புகை படிஞ்சிருந்தா, யாரோ சோக்கை உள்ள தள்ள மறந்துட்டு ஊர் முழுக்க ஓட்டியிருக்காங்க. 'யாரோ'ன்னா யாருன்னு உங்களுக்கே தெரியும், சொல்லிக் காட்டாதீங்க.

சோக் - அந்த மறந்துபோன குமிழ்

2000-ஐ ஒட்டி இன்ஜெக்‌ஷன் வர்ற வரைக்கும் மாருதி 800 கார்புரேட்டரோடதான் வந்துச்சு. 1983 டிசம்பர்ல முதல் கார் வெளிய வந்து, 2014 ஜனவரியில தயாரிப்பு நின்னுபோன வண்டி அது. அதே 2014 மே மாசம் உத்தர்பாரா ஆலையில அம்பாசடரும் நின்னுச்சு. அந்தத் தலைமுறைக் காருங்க டேஷ்போர்டுல ஒரு குமிழ் இருக்கும். நம்ம செட்ல பாதிப் பேர் அதை ஏதோ லைட் சுவிட்ச்னு நினைச்சிருப்போம். அதை இழுத்தா கார்புரேட்டர் வாய்ல ஒரு தகடு மூடிக்கும். காத்து குறையும், பெட்ரோல் விகிதம் கூடும். சூடான இன்ஜினுக்கு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து போதும். குளிர்ந்த இன்ஜினுக்குப் பல மடங்கு பெட்ரோல் வேணும், ஏன்னா ஊத்தறதுல கொஞ்சம்தான் ஆவியாகுது.

வழிமுறை சிம்பிள். சோக்கை முழுசா இழுங்க, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதீங்க, செல்ஃப் அடிங்க. பிடிச்சதும் இன்ஜின் சத்தம் நிதானப்பட நிதானப்படக் கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளுங்க. ஆனா பல வண்டிகள்ல குமிழ் மட்டும்தான் நகரும்! உள்ள கேபிள் துருப்பிடிச்சு நின்னிருக்கும், தகடு அசையவே அசையாது. ஏர் ஃபில்டர் மூடியைக் கழட்டி, ஒருத்தர் குமிழை இழுக்க, நீங்க தகட்டைப் பாருங்க. அவ்வளவுதான் டெஸ்ட்.

அங்கேயே இன்னொரு டெஸ்ட்டும் முடிச்சுடலாம். இன்ஜின் ஆஃப்ல இருக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கம்பியைக் கையால இழுத்தா, கார்புரேட்டர் தொண்டைக்குள்ள பிச்சாங்குழல் மாதிரி மெல்லிசா பெட்ரோல் பீச்சணும். பீச்சினா கிண்ணத்துல பெட்ரோல் இருக்கு. பீச்சலைன்னா நாலு நாள் நின்னதுல ஆவியாகிப் போயிருக்கும், அல்லது பழசான பம்ப் டயஃப்ரம் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி விட்டிருக்கும். 'நீளமா பத்துப் பதினஞ்சு செகண்ட் அடிச்சாதான் பிடிக்குது, அப்புறம் நாள் முழுக்கத் தங்கம்'னு சொல்றவங்க வண்டிக்கு இதுதான் வியாதி.

அளவுக்கு மீறி மிதிச்சு ஓவர்ஃப்ளோ ஆக்கிட்டீங்களா? பெட்ரோல் வாசம் குப்புனு வருதா? சோக்கை உள்ள தள்ளிட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியா தரை வரைக்கும் மிதிச்சுப் பிடிச்சபடி செல்ஃப் அடிங்க. பம்ப் அடிக்காதீங்க. காத்து புகுந்து உள்ள காய்ஞ்சுடும். இன்ஜெக்‌ஷன் கார்கள்ல பலதுலயும் இதே தந்திரம் செல்லும், முழுசா மிதிச்சா கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திடும்.

இப்ப புதுசா ஒரு பார்ட்டி கூட்டத்துல சேர்ந்திருக்கு. எத்தனால். 2025-ல நாடு முழுக்க பெட்ரோல்ல 20 சதவீதக் கலப்பு எட்டியாச்சு. பங்க்ல இப்ப நாம போடறது பொதுவா அந்த இ20-தான். 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டிகளைத்தான் இதைத் தாங்குற பாகங்களோட செஞ்சாங்க. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கு. அதனால சரியா எரிய இ20-க்கு 14.7 இல்ல, பதிமூணரை பங்கு காத்தே போதும். இன்ஜெக்‌ஷன் கார்ல சென்சார் பார்த்து ஓரளவு சரிக்கட்டிக்கும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, பழைய ஓட்டை வழியா பழைய அளவுலதான் விடும். கலவை மெலிஞ்சு போகும். காலையில சோக் இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்படறதுக்கு இதுவும் ஒரு காரணம். போதாக்குறைக்கு எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல நிக்கிற வண்டியில தண்ணி சேர்ந்தா, எத்தனாலும் தண்ணியும் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். பம்ப் முதல்ல உறிஞ்சறதும் அடியில இருந்துதான்! பழைய ரப்பர் ஹோஸ், டயஃப்ரமும் இதுல சீக்கிரம் கெடலாம். அதுக்காகப் பழைய காரையே தூக்கிப் போடணும்னு சொல்றவங்களோட நான் ஒத்துப் போகல. ஹோஸையும் டயஃப்ரமையும் இ20 தாங்கும் ரகமா மாத்தி, வாரம் ஒரு தடவை நல்லா ஓட்டினாலே பாதிப் பிரச்னை அடங்கும்.

சோக்கே இல்லாத கார், ஹீட்டர் வேணும்கிற கார்

எம்.பி.எஃப்.ஐ. வந்த பிறகு சோக் வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்குது. அதுக்குக் கண்ணு, இன்ஜின் தண்ணியோட வெப்பத்தைச் சொல்ற ஒரு குட்டி சென்சார். அது கெட்டு, 'இன்ஜின் ஏற்கெனவே சூடா இருக்கு'ன்னு பொய் சொன்னா, கம்ப்யூட்டர் அதை நம்பி பெட்ரோலைக் குறைச்சுடும். காலையில பிடிக்காது, மத்தியானம் பிரச்னையே இருக்காது. அப்புறம், சாவியை 'ஆன்'ல மட்டும் வெச்சு, ரெண்டு செகண்ட் பம்ப் 'ம்ம்ம்'னு ஓடி நின்னதும் ஆஃப் பண்ணி, இதையே மூணு தடவை செஞ்சுட்டு செல்ஃப் அடிச்சுப் பாருங்க. அப்ப மட்டும் டக்னு பிடிச்சா, ராத்திரியில பெட்ரோல் பிரஷர் இறங்கிப் போகுதுன்னு அர்த்தம்.

டீசல் அம்பாசடர், இண்டிகா வெச்சிருக்கிறவங்களுக்கு வேற ரூட். அங்க பொறியே கிடையாது, அழுத்தத்துல காத்து சூடாகித்தான் டீசல் எரியணும். குளிர்ந்த இன்ஜினுக்கு உதவத்தான் ஹீட்டர் பிளக். டேஷ்போர்டுல சுருள் விளக்கு இருந்தா அது அணையற வரைக்கும் பொறுங்க. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல வெள்ளைப் புகை வந்தா டீசல் வருது, எரியல, ஹீட்டர் பிளக்கைப் பாருங்க. புகையே இல்லைன்னா டீசலே போகல, ஏர் லாக்கா இருக்கலாம்.

வீரம் காட்டக் கூடாத இடங்கள்

கார்புரேட்டர்ல நேரடியா பெட்ரோல் ஊத்தி ஸ்டார்ட் பண்றது நம்ம ஊர் ஹீரோயிசம். இன்ஜின் திருப்பித் தும்மினா தீ அந்த வாய் வழியாதான் வரும், குனிஞ்சு நிக்கிற உங்க முகத்துக்கு நேரா. வேண்டவே வேண்டாம். பெட்ரோல் டெஸ்ட் பண்ணும்போது பக்கத்துல சிகரெட், கொசுவத்தி, விளக்கு எதுவும் இருக்கக் கூடாது. மூடின ஷெட்டுக்குள்ள சோக் போட்டு ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போறதும் ஆபத்து. வாசமே இல்லாத கார்பன் மோனாக்ஸைடு அதுல நிறைய வரும். உள்ள யாராவது உட்கார்ந்திருந்தா மயக்கம்னுகூடத் தெரியாமலே போயிடும்.

இன்னொரு பேட்டரியில இருந்து கரன்ட் எடுக்கறதா இருந்தா ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் முதல்ல. அப்புறம் நல்ல பேட்டரி மைனஸ்ல இருந்து, படுத்த காரோட இன்ஜின் உலோகத்துக்கு. படுத்த பேட்டரி மைனஸ்லயே கடைசி முனையை வெச்சா, அங்க தெறிக்கிற பொறி பேட்டரி விடற ஹைட்ரஜனைப் பத்த வைக்கலாம்.

தள்ளி ஸ்டார்ட் பண்றது பேட்டரி பலவீனமா இருந்தா மட்டும் பலன் தரும். ரெண்டாவது கியர், கிளட்ச்சை மிதிச்சு வேகம் வந்ததும் விடணும். பொறி வராத வண்டியை வடசேரி வரைக்கும் தள்ளினாலும் உங்க இடுப்புதான் போகும். இன்ஜெக்‌ஷன் கார்ல பேட்டரி மொத்தமா செத்திருந்தா பம்ப்பே ஓடாது, தள்ளறது வீண். அந்தக் காலத்து அம்பாசடர்ல பம்பர் வழியா கம்பி விட்டுச் சுத்துவாங்களே, அதோட கதையும் கேளுங்க. 1912-ல கேடிலாக் காருக்காக சார்லஸ் கெட்டரிங் எலெக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்ததுக்கு முன்னாடி உலகமே அப்படித்தான் சுத்திட்டிருந்தது. இன்ஜின் திருப்பி அடிச்சா கை எலும்பு உடையும். அதனாலதான் கட்டைவிரலைக் கம்பியைச் சுத்திப் பிடிக்காம, மத்த விரல்களோட சேர்த்தே வெச்சுக்கணும்னு பழைய டிரைவர்கள் சொல்லிக் கொடுப்பாங்க.

மெக்கானிக்கிட்ட என்ன கொடுக்கணும்?

ஒரு தாள். அதுல எத்தனை மணி நேரம் வண்டி நின்னுச்சு, முந்தின நாள் மழையா, செல்ஃப் எப்படிச் சுத்துச்சு, மீட்டர்ல எத்தனை வோல்ட், பெட்ரோல் வாசம் வந்துச்சா, எத்தனாவது தடவை பிடிச்சுது, என்ன கலர் புகை. மூணு நாள் காலையில குறிச்சாலே ஒரு பேட்டர்ன் தெரிஞ்சுடும். கூடவே அந்த செல்போன் ரெக்கார்டிங். மூணாம் வருஷம் மெக்கானிக்கல்னு மட்டும் அவர்கிட்ட பெருமை அடிச்சுக்காதீங்க. ஐ.சி. இன்ஜின் பேப்பர்ல அரியர் வெச்ச கதை வரைக்கும் தோண்டிடுவார்.

இதெல்லாம் எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும்னு கேக்கலாம். 15 வருஷம் தாண்டின காரை ரீ-ரிஜிஸ்டர் பண்ண 600 ரூபாயா இருந்த ஃபீஸ் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு. அதைக் கட்டி வெச்சிருக்கிற குடும்பங்கள்ல பெரும்பாலும் வேற கார் வாங்க வசதி இருக்காது. 'வித்துரு'ன்னு தெருவே சொல்ற வண்டிக்குத் தேவை ஒரு எர்த் ஒயரோ, சோக் கேபிளோவா இருக்கலாம். அது தெரியாம வித்தா, அடுத்த தடவை பாட்டியைக் கூட்டிட்டுப் போக வாடகைக் கார்தான்.

தாளைக் கொடுத்துட்டு வண்டியையும் கூட்டிட்டு வந்துடாதீங்க. சாயங்காலமே ஒர்க்‌ஷாப்ல விட்டுட்டு, ராத்திரி யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு கறாரா சொல்லிட்டு பஸ் ஏறுங்க. காலையில அவர் கடை திறந்ததும் முதல்ல இன்ஜினைத் தொட்டுப் பார்க்கட்டும். ஜில்லுனு இருக்கணும். அதுக்கப்புறம் அவரே சாவியைத் திருப்பட்டும்.